எங்கோன் என்று கையெழுத்திட்டவர்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் கண்காணிப்பாளர் கேட்டார். பதிவேட்டை எப்படிப் புரட்டுவது, பூச்சி அரித்த தாளை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் ஒரு வாரத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு இருந்தவள் நான். அதில் எனக்கு நேர்ந்த பெரிய தவறு ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். அந்தத் தவறு நடந்திராவிட்டால், ஒரு மனிதரை நான் தெரிந்துகொள்ளாமலே ஓய்வு பெற்றிருப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த சமயம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பதிவேடுகளின் பெயர்ப்பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒப்பந்தத்தில் வந்த பெண்கள் நான்கு பேர் தட்டச்சு செய்தார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. கன்னியாஸ்திரீகள் நடத்திய மதர்மார் பள்ளியில் படித்ததால் எனக்குத் தெரியும். அதனால் அவர்களுக்கு வழிகாட்டும் வேலை என்னுடையது. ஒருநாள் ஒரு பெண் கேட்டாள், "மேடம், இங்க இன்கொன்னுன்னு அடிக்கடி வருதே, இது இன்னா பேரு?" எழுத்துகளைப் பார்த்தேன். Inconnu. பிரெஞ்சில் 'தெரியாதவர்' என்று பொருள். தகப்பன் பெயர் தெரியாத இடத்தில் அப்படி எழுதுவார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது பேரில்ல. அது வந்தா அந்தக் கட்டத்தக் காலியா விட்டுடு" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரே ஒரு வாக்கியம்.

சில மாதங்கள் கழித்து உழவர்கரையிலிருந்து தட்சிணாமூர்த்தி என்பவர் மகளோடு வந்தார். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயதிருக்கும். மேற்கே ஒரு கிராமத்தில் பயிர் வைத்த குடும்பம். இவர் நகரத்துக்கு வந்து பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கலைவாணி காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படித்து முடித்திருந்தாள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய பிரான்சில் இடம் கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. மூன்று வாரத்துக்குள் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் காகிதம் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

குழப்பம் என்னவென்றால், அவர்கள் குடும்பப் பெயர். பெரியவர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதங்களை எடுத்து வரிசையாக வைத்தார். மகளின் பள்ளிச் சான்றிதழில் Engon. பிறப்புச் சான்றிதழில் Yencon. இவருடைய ஆலை அடையாள அட்டையில் Engone. தகப்பனாரின் நிலப் பத்திரத்தில் தமிழில் 'ஏங்கோனு'. ரேஷன் அட்டையில் யாரோ நல்லெண்ணத்தோடு 'அங்கண்ணன்' என்று ஆக்கியிருந்தார்கள்.

அவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "எங்கோன்னா எங்கள் அரசன்னு அர்த்தம் மேடம். எங்க அப்பா சொல்லுவாரு, பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரும் சொன்னாரு. ஊர்ல எங்க வீட்ட எங்கோன் வீடுன்னுதான் சொல்லுவாங்க. இருக்கிறதிலயே பழைய புத்தகத்துல எப்படி இருக்குதுன்னு பாத்து எழுதிக் குடுங்க."

கணினியில் தேடினேன். எந்த எழுத்துக்கூட்டலிலும் கிடைக்கவில்லை. அவர் பிறந்த ஆண்டும் மாதமும் சொன்னதால், பதிவேட்டையே கொண்டுவரச் சொல்லிப் புரட்டினேன். பதிவு இருந்தது. தெளிவான, படித்த கை. தட்சிணாமூர்த்தி, தகப்பன் மாணிக்கம். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் Inconnu.

முகப்பில் அப்போது பத்துப் பேராவது நின்றார்கள். என் வாய் முந்திக்கொண்டது. "இது பேரே இல்லைங்க. பிரெஞ்சுல தெரியாதவன்னு அர்த்தம். யாரோ விவரம் தெரியாதப்ப எழுதி வச்சது" என்றேன். வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். "அரசன்னு சொன்னாரு, அநாதைன்னு வந்துடுச்சி" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

தட்சிணாமூர்த்தி காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உறைக்குள் வைத்தார். மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதனால்தான் அது இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

எங்கள் பிரிவுக்கு ஒரு தலைவர் இருந்தார். பழைய பிரெஞ்சுப் பழக்கத்தில் அவரை எல்லோரும் ஷெஃப் என்றுதான் அழைப்போம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இந்த மாணிக்கத்துக்கு என்ன குடும்பப் பேர் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"அவருக்கும் அதேதான் சார்."

"மாணிக்கத்தோட அப்பாவுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. பார்க்கவில்லை.

"தெரியாதவன் ஒரு ஆள் இருக்கலாம்மா. நிலம் வாங்கி, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, தலைமுறை தலைமுறையா ஒரு குடும்பமே தெரியாததா இருக்க முடியுமா? போய்ப் பாரு."

ஒரு சொல்லின் பொருள் எனக்குத் தெரியும் என்பதாலேயே, அது அந்த இடத்தில் என்னவாக இருக்கிறது என்று பார்க்காமல் விட்டிருந்தேன். பிரெஞ்சு தெரியாத அந்தத் தட்டச்சுப் பெண்ணுக்கு அது ஒரு பெயராகத்தான் பட்டது. அவள் சரியாகவே கேட்டாள். நான்தான் ஒரு குடும்பத்தையே பட்டியலிலிருந்து அழித்தேன்.

அன்று பிற்பகலே தொடங்கினேன். மாணிக்கத்தின் பிறப்பிலிருந்து அவர் தகப்பன் அப்பாவுவுக்குப் போனேன். அப்பாவுவின் பதிவில் குடும்பப் பெயர் Engonou என்று இருந்தது. அவருடைய திருமணத்தில் Anconou. அவர் தங்கையின் திருமணத்தில் Inconou. எழுத்தர் மாற மாற, காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். தட்சிணாமூர்த்தி காலத்துக்கு வந்த நன்றாகப் படித்த எழுத்தர் ஒருவர் அதைப் பிரெஞ்சு அகராதிப்படி 'திருத்தி'யிருக்கிறார். அவருடைய படிப்பும் என்னுடைய படிப்பும் சேர்ந்துதான் இந்தக் காரியத்தைச் செய்தன.

நான்காம் நாள் அப்பாவுவின் தகப்பனுடைய பிறப்புப் பதிவு கிடைத்தது. அதைப் பிறப்புப் பதிவு என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஏரி மதகுக்குக் காவலிருந்த ஒருவர், விடியும்போது மதகுப் படியில் ஓர் ஆண் குழந்தையைக் கண்டு எடுத்து வந்திருக்கிறார். பிறந்து நான்கைந்து நாள் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. மஞ்சள் துணி சுற்றியிருந்தது. வலது தோளில் மச்சம். தகப்பன் Inconnu. தாய் Inconnue. குழந்தையின் பெயர் என்ற இடத்திலும் Inconnu.

ஷெஃபிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கண்டெடுத்த குழந்தைக்கு எழுத்தரே ஒரு பெயர் வைத்துப் பதிவதுதான் வழக்கம் என்றும், இந்த எழுத்தர் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். குழந்தை அந்தச் சொல்லோடே வளர்ந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஏங்கொனு. தமிழர் காதில் எங்கோனு.

என் விசாரணை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தேவையான சங்கிலி கிடைத்துவிட்டது. ஆனால் மதகுப் படியில் கிடந்த குழந்தைதான் அரச வம்சத்தின் ஆரம்பம் என்று அந்த மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? ஏற்கெனவே பத்துப் பேர் முன்னால் சொன்னதைத் தனியாக இன்னொரு முறை சொல்வதாகிவிடும். அந்தத் தயக்கத்தில்தான் மேலும் இரண்டு நாள் பதிவேடுகளைப் புரட்டினேன். அந்தக் குழந்தை வளர்ந்து செய்துகொண்ட திருமணத்தின் பதிவு கிடைத்தது. தொழில்: பயிர்த்தொழில். கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவர்.

அதற்கு அடுத்த ஆண்டுப் பதிவேட்டில் யாரோ ஒரு குழந்தையின் பிறப்பு. எனக்குச் சம்பந்தமில்லாத பதிவு. ஆனால் கீழே இரண்டு சாட்சிகளில் ஒருவர் பெயர் Inconou, பயிர்த்தொழில். பக்கத்தில் ஒரு கையெழுத்து. பெருக்கல் குறி இல்லை. தமிழ் எழுத்து. புள்ளியில்லாமல், அந்தக் காலத்துக் கையெழுத்தில், ஏறுமாறாக: 'எஙகொனு'.

இடையில் ஓராண்டில் எழுதக் கற்றிருக்கிறார்.

அதன் பிறகு பக்கத்துக்குப் பக்கம் தேடினேன். அவர் இருந்தார். ஆண்டுக்கு ஒன்று, சில ஆண்டு இரண்டு, மூன்று. இருபத்தைந்து ஆண்டு காலப் பதிவேடுகளில் சாட்சியாக வந்துகொண்டே இருந்தார். நாற்பத்தேழு பதிவுகளை நோட்டில் எழுதிய பிறகு, இவருக்கு இவ்வளவு உறவுக்காரர்களா என்று யோசித்தேன். அப்போதுதான் அந்தப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட உறவு இல்லை. எல்லாமே தகப்பன் பெயர் சொல்ல முடியாத குழந்தைகள். சாலையோரத்தில் பிறந்தவை, சத்திரத்தில் தாய் இறந்துபோனவை, எங்கோ விடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்டவை. அப்படி ஒரு குழந்தை பதிவுக்கு வரும்போதெல்லாம், வேலையை விட்டுவிட்டு இந்த மனிதர் வந்து நின்றிருக்கிறார்.

அந்த நாற்பத்தேழு பதிவுகளில் ஒரு குழந்தைக்குக்கூட Inconnu என்று பெயர் எழுதப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. முருகேசன், அஞ்சலை, சவரிமுத்து, மங்களம், காசிம். எந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று ஊகித்தாரோ அதற்கேற்ற பெயர். பல பதிவுகளில் எழுத்தர் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பெயரைச் சாட்சி கூறினார்.'

உச்சிவெயில் நேரம். பதிவறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தனக்கு நேர்ந்தது அந்த ஊரில் இன்னொரு குழந்தைக்கு நேரக் கூடாது என்று ஒருவர் கால் நூற்றாண்டு காவல் நின்றிருக்கிறார். அவரைத்தான் நான் 'அந்தக் கட்டத்தக் காலியா விட்டுடு' என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உழவர்கரையில் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். அலுவலர் இப்படி வீடு தேடிப் போவது முறையல்ல. உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் பத்துப் பேர் முன்னால் ஒருவரைச் சிறுமைப்படுத்திவிட்டு, அதைச் சரிசெய்ய அவரையே மறுபடி அலுவலகத்துக்கு வரச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கலைவாணி கதவைத் திறந்தாள். தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவேற்றார், உட்காரச் சொன்னார். வாசல் சுவரில் பளிங்குக் கல்லில் 'எங்கோன் இல்லம்' என்று பொறித்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மதகுப் படியிலிருந்து ஆரம்பித்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். மஞ்சள் துணி என்று சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெருக்கல் குறியைச் சொன்னேன். ஓராண்டில் வந்த கையெழுத்தைச் சொன்னேன். நோட்டைத் திறந்து, அந்த முன்னோர் பெயர் வைத்த குழந்தைகளின் பெயர்களை வாசித்தேன்.

வாசித்து முடித்தேன். கலைவாணிதான் கேட்டாள். "அவுருக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்குமா மேடம்?"

இந்த இடத்தில் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் 'எஙகொனு' என்று போட்டுக்கொண்டிருந்தவர், பத்துப் பதினைந்து கையெழுத்துக்குப் பிறகு கடைசியிலிருந்த உகரத்தை விட்டுவிடுகிறார். 'எஙகொன' என்று முடிக்கிறார். புள்ளியும் நெடிலும் காட்டாத அந்தக் காலத்துக் கையெழுத்தில் அதை எங்கோன் என்று வாசிக்கலாம். அவரே விரும்பித்தான் தன் பெயரை அப்படி மாற்றினார், தெரியாதவன் என்பதை எங்கள் அரசன் என்று ஆக்கிக்கொண்டார் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அந்த வீட்டில் அந்த நேரத்தில் அதைவிட இனிமையான பொய் கிடையாது. அது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் தாளில் அது இல்லை. பழகிய கை வேகத்தில் உகரத்தை விட்டிருக்கலாம். முகப்பில் அன்று தாளில் இல்லாததைச் சேர்த்துச் சொல்லித்தான் காரியத்தைக் கெடுத்தேன். மறுபடியும் அதையே செய்ய முடியாது.

"தெரியலம்மா. அவர் கையால எங்கோன்னு படிக்கிற மாதிரி எழுதியிருக்காரு. ஏன்னு எழுதல" என்றேன்.

தட்சிணாமூர்த்தி கண்ணைத் திறந்தார். "அது போதும் மேடம்."

இனிச் சான்றிதழ். இத்தனை எழுத்துக்கூட்டலில் இருப்பதும் ஒரே குடும்பப் பெயர்தான் என்று எழுதி, ஷெஃப் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. ஷெஃப் அவசரப்படவில்லை. காதால் கேட்க ஒன்றுபோல இருக்கிறது என்பதெல்லாம் சான்று ஆகாது. நாளைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வருவார்கள் என்றார். நான் அந்த நாற்பத்தேழு பக்கங்களையும் அடையாளத் தாள் வைத்துக் கொண்டுபோய் அவர் மேசையில் அடுக்கினேன். எழுத்தர் Inconnu என்று எழுதிய இடத்திலும், Anconou என்று எழுதிய இடத்திலும், Engonou என்று எழுதிய இடத்திலும் கீழே ஒரே கை. ஒரே சாய்வு, ஒரே மாதிரி மடக்கிய 'ங'. பெயரை எழுதியவர்கள் பலர். பெயருக்கு உரியவர் ஒருவர்தான்.

ஷெஃப் கடைசிப் பதிவேட்டை மூடிவிட்டு, தன் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டதும், கணினிப் பட்டியலில் காலியாக விடப்பட்ட கட்டங்கள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க எனக்கு ஆணை எழுதினார். அதற்கு ஏழு மாதம் ஆனது. அந்தத் தட்டச்சுப் பெண் என் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவினாள். முதல் நாளே அவளிடம், "நீ கேட்ட கேள்வி சரி, நான் சொன்ன பதில்தான் தப்பு" என்று சொல்லிவிட்டேன். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் இதைச் சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லிப் பாருங்கள்.

கலைவாணியின் பாஸ்போர்ட் Engon என்ற பெயரில் வந்தது. அவளே கேட்டு வாங்கிய எழுத்துக்கூட்டல் அது. அந்த முன்னோரின் கையெழுத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான் என்றாள். குறித்த நாளில் போய்ச் சேர்ந்தாள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது சான்றிதழ் வாங்க அவர்கள் வந்த நாளைப் பற்றி.

சான்றிதழை வாங்கிக்கொண்ட தட்சிணாமூர்த்தி, போகாமல் நின்றார். "அவுரு எப்பச் செத்தாருன்னு இருக்குதா?" என்று கேட்டார். நான் தேடியிருக்கவில்லை. பிறப்புச் சங்கிலிக்கு இறப்பு தேவைப்படவில்லை. ஷெஃப் எழுந்து வந்து, அவர்களையும் பதிவறைக்கு அழைத்துப் போகச் சொன்னார். வெளியார் உள்ளே வருவது வழக்கமில்லை. "அவங்க வெளியாளு இல்ல" என்றார் அவர்.

செருப்பை இருவரும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். யாரும் சொல்லவில்லை.

சாட்சியாக அவர் கடைசியாக வந்த ஆண்டைத் தாண்டி, இறப்புப் பதிவேடுகளை எடுத்துப் போட்டேன். முதல் பதிவேட்டில் இல்லை. இரண்டாவதில், நடுப்பக்கம் ஒன்றில் மை அடர்ந்து கறுப்பாக இருந்தது. மை கொட்டியிருக்கிறது என்று நினைத்துத் தாண்டப் போனேன். கலைவாணிதான், "மேடம், அது எழுத்து" என்றாள்.

அவருடைய பதிவுதான். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இறப்புக்குக் காரணம் எழுதும் வழக்கம் அந்தப் பதிவேடுகளில் இல்லை. எப்படி இறந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இறப்பை அறிவிக்க இரண்டு பேர் போதும். எழுத்தரின் வாசகம் வழக்கம்போல் முடிந்து, கையெழுத்துகள் தொடங்குகின்றன. இரண்டோடு நிற்கவில்லை. பக்கத்தின் அடிவரை போய், ஓரத்தில் மேலேறி, வாசகத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு, பின்பக்கத்துக்கும் போகின்றன. சில கையெழுத்துகள். பெரும்பாலும் பெருக்கல் குறிகள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அது யாருடையது என்று எழுத்தர் பொறுமையாகப் பெயர் எழுதியிருக்கிறார். நடுவில் அவருடைய குறிப்பு ஒன்று. முன்கூட்டிப் படித்துவைக்க நேரமில்லை. வரிவரியாகத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன்.

"சட்டம் இருவரைக் கேட்கிறது. வாசலில் முப்பத்து நான்கு பேர் நிற்கிறார்கள். எல்லோரும் கையொப்பமிட அனுமதி கேட்டனர். மறுப்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை."

தட்சிணாமூர்த்தி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தானும் ஒரு மூலையில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார். மிகவும் பணிவாகக் கேட்டார். ஷெஃப் என்னைப் பார்த்தார்; முடிவை என்னிடமே விட்டார். பணிக்காலம் முழுவதிலும் அதைவிடக் கடினமாக ஒருவருக்கு நான் இல்லையென்று சொன்னதில்லை. அந்த எழுத்தருக்கு முன்னால் அந்தப் பக்கம் திறந்திருந்தது. அவர் விதியை வளைத்தாலும் நடந்ததைத்தான் எழுதினார். நமக்கு அது மூடிய பக்கம். இன்று ஒரு பெயர் சேர்ந்தால், அந்த முப்பத்து நான்கு பேர்மீதும் சந்தேகம் விழும். இதை அவரிடம் சொன்னேன். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பப் பேரப் படிக்கலாம் இல்ல?"

படித்தோம். தமிழில் இருந்ததை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிரெஞ்சில் இருந்ததை நான் படித்தேன். என் நோட்டைக் கலைவாணி வைத்திருந்தாள். ஒவ்வொரு பெயரையும் அதில் தேடினாள். முதல் பெயர் சவரிமுத்து. "இருக்கு" என்றாள். அடுத்தது இல்லை. அதற்கடுத்தது அஞ்சலையின் கணவன்; அஞ்சலை நோட்டில் இருந்தாள். முருகேசன் இருந்தான். பெருக்கல் குறி போடாமல் முழுப் பெயரையும் எழுதியிருந்தான். காசிம் இருந்தான். அவள் "இருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. அவர் பெயர் வைத்த குழந்தைகள் வளர்ந்து, பிழைத்து, அந்தக் காலையில் அவருக்காக வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். பதிவறை ஊழியர்கள் இரண்டு பேர் கையிலிருந்த கட்டுகளை வைத்துவிட்டு அசையாமல் நின்றார்கள். ஷெஃப் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பின்பக்கத்தின் அடியில் கடைசிக் குறி. ஒரு பெண்ணுடையது. பெண்களைச் சாட்சியாக எழுதும் வழக்கம் இல்லாத காலம் அது. 'மங்களம் என்பவளின் குறி' என்று இருந்தது. அதன் கீழே எழுத்தர் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

"மகள் அல்ல என்று கூறுகிறாள். மகள் என்று எழுதும்படி கேட்கிறாள்."

தட்சிணாமூர்த்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுனாங்களா மேடம்?"

அடுத்த வரியில் இரண்டே சொற்கள். அவற்றை அந்த எழுத்தர் பொடி எழுத்தில் எழுதவில்லை. பதிவின் மற்ற வாசகத்தைப் போலவே பெரிதாக, அழுத்தமாக எழுதியிருந்தார்.

"எழுதியிருக்காங்க" என்றேன். "அவர் மகள்."